எங்கை என்று கேட்டவர்

இத்தாலியில் நான் வேலை செய்கிற வீட்டுச் சிஞ்ஞோராவுக்கு, அதாவது வீட்டுக்கார அம்மாவுக்கு, வயது எண்பத்தொன்பது. காது மந்தம். முழங்கால் இரண்டும் போய்விட்டன. ஆனால் நான் கைப்பையைத் திறக்கிற சத்தம் மட்டும் மூன்று அறைக்கு அப்பாலும் கேட்டுவிடும். உடனே கட்டிலில் இருந்தபடி "தோவே வாய்?" என்று கூப்பிடுவார். எங்கே போகிறாய் என்று கேட்கிறார். லிபெர்த்தாத் தெருவில் அந்த ஒரே வீட்டில் பதினேழு வருடமாக வேலை, தினமும் அந்த ஒரே கேள்வி. "குயி விச்சீனோ" என்பேன். கிட்டத்தான், உதிலைதான் என்று அர்த்தம். "கிட்ட என்றால் எங்கே? அந்த இடத்துக்குப் பெயர் கிடையாதா?" என்று மனிசி விடாது. பாண் வாங்கப் போகிறேன் என்று சொல்ல எனக்கு என்ன கேடு? வாய் வராது, அவ்வளவுதான்.

ஏன் வராது என்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. நான் எழுதுவதை வாசிக்கிற நீங்களும் என்னைப் போல அறுபதைத் தாண்டியவர்கள், குடாநாட்டில் பிறந்து வளர்ந்தவர்கள். வெளிக்கிடுகிற ஆளை எங்கே என்று கேட்கக் கூடாது. கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடும். "தூரமோ?" என்று வேண்டுமானால் கேட்கலாம். அதற்கு "உதிலை போட்டு வாறன்" என்று பதில் சொல்லலாம். கொழும்புக்கு ரயில் ஏறுகிறவரும் உதிலைதான், வேலிக்கு அங்கால் சீனி கடன் கேட்கப் போகிறவரும் உதிலைதான். இங்கே சீசா என்கிற பகுதியில் பிறந்து வளர்ந்த என் மகளுக்கு ஒருமுறை இதைச் சொன்னேன். "அப்ப ஆளைக் காணேல்லையெண்டால் எங்கையம்மா தேடுறது?" என்று கேட்டாள். அவள் சும்மாதான் கேட்டாள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

ஏனென்றால் இந்தக் கேள்வியை வைத்து ஒரு மனிசனை நான் வீட்டைவிட்டுத் துரத்தியிருக்கிறேன். எனக்கு அப்போது பத்து வயது. ஒரே ஒரு வசனம்தான் சொன்னேன். அந்த மனிசன் என் சித்தப்பா, அப்பாவின் கடைசித் தம்பி. இப்போது அவருக்கு எழுபத்தெட்டு. போன திங்கட்கிழமை ஜேர்மனியிலிருந்து அண்ணா போன் எடுத்தார். "உவருக்கு வியாழக்கிழமை நெஞ்சைத் திறந்து ஒப்பரேசனாம்" என்றார். ஐம்பத்துநாலு வருடமாக அண்ணாவுக்கு அவர் "உவர்"தான், சித்தப்பா இல்லை. அண்ணா அடுத்த மாதம் ஊருக்குப் போகிறார். "ஒருக்கால் போய்ப் பாப்பியளோ?" என்று கேட்டேன். "நான் ஏன் போவான்?" என்றார். வியாழனுக்கு முன் சித்தப்பாவிடம் உண்மையைச் சொல்லியாக வேண்டும் என்று அப்போதே முடிவெடுத்தேன். அந்த உண்மை என்னவென்று முதலில் உங்களுக்குச் சொல்கிறேன்.

சித்தப்பா எங்கள் வீட்டுக்கு வந்தது மார்கழி மழை விட்ட கையோடு. பட்டணத்துக் கூட்டுறவுச் சங்கக்கடையில் தற்காலிகமாக ஒரு கிளாக்கர் வேலை கிடைத்திருந்தது. எங்கள் வீடு அம்மாவின் சீதன வீடு. அம்மாவின் தமக்கை, எங்கள் பெரியம்மா, அதே வீட்டில்தான் இருந்தார். உண்மையில் அவர்தான் வீடு. அப்பாவே அங்கே கதிரையின் நுனியில் உட்காருகிற ஆள். அப்பாவின் தம்பிக்கு என்ன இடம் கிடைக்கும்? வீட்டோடு சேர்த்துச் சைக்கிள் விட இறக்கியிருந்த ஒத்தாப்பில் ஒரு சாக்குக் கட்டில் போட்டுக் கொடுத்தார்கள். அவர் அதையே மாளிகை என்று நினைத்தார் போலிருக்கிறது. முதல் நாளே சைக்கிள் சங்கிலியைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுவிட்டு, சீட்டியடித்துக்கொண்டு இருந்தார்.

அவர் கொண்டுவந்தது மூன்று சாமான். ஒரு தகரப் பெட்டி, அந்தச் சைக்கிள், ஒரு பைனாகுலர். பைனாகுலர் யாரோ ஒரு கப்பற்காரனிடம் வாங்கியது. ஒரு பக்கக் கண்ணாடிக்குள் பூஞ்சணம் பிடித்திருக்கும். ஒற்றைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். அதன் தோலுறையை மூக்கில் வைத்தால் உப்பும் புகையிலையும் சேர்ந்த ஒரு மணம் வரும். எனக்குப் பறவையைப் பார்ப்பதைவிட அந்த உறையை மணப்பதுதான் விருப்பம்.

சனிக்கிழமை வந்தால் சித்தப்பாவுக்குக் கால் நிற்காது. "வெளிக்கிடுங்கோ" என்பார். அப்பாவின் சைக்கிளில் அண்ணா, சித்தப்பாவின் கரியரில் நான். அவித்த மரவள்ளிக்கிழங்கும் கட்டைச் சம்பலும் வாழையிலையில் கட்டி என் மடியில் இருக்கும். போகப் போக அது தொடையைச் சுடும். பருத்தித்துறை வெளிச்சவீடு, கீரிமலைக் கேணி, உப்பளம், மணற்காடு என்று ஒரு பருவத்துக்குள் குடாநாட்டையே சுற்றிவிட்டோம். வாசற் படலையில் பெரியம்மா "தூரமோ?" என்பார். "இல்லையக்கா, உதிலை" என்பார் சித்தப்பா. பின்னேரம் செம்மண்ணில் குளித்த கோலத்தில் திரும்பி வருவோம். "வந்திட்டினம், உலகம் சுத்தினாக்கள்" என்று பெரியம்மா வாளியில் தண்ணீர் வைப்பார். அந்த நக்கலிலும் கோபம் இருக்காது. அந்தக் காலத்தில் நாங்கள் எல்லோரும் சந்தோசமாக இருந்தோம்.

மூன்று பேருக்கும் மூன்று விசர், மூன்று பைத்தியம். சித்தப்பாவுக்குச் சைக்கிள் ஓட்டம் மட்டும்தான். போன இடத்தில் ஒரு மரத்தைக் கண்டால் லேஞ்சித் துணியால் முகத்தை மூடிக்கொண்டு படுத்துவிடுவார். எனக்கு இறகு பொறுக்குகிற விசர். பவுடர் டப்பாவில் போட்டு வைப்பேன். அண்ணாவுக்குப் பறவை. பதினாலு வயது. பறவைகளைப் பற்றி ஒரு புத்தகமும் எங்களிடம் இல்லை. அதனால் ஒரு கொப்பியில் தானே படம் கீறி, தானே பெயர் வைப்பார். ஒற்றைக் காலில் மணிக்கணக்காக நிற்கிற கொக்குக்குக் "கணக்கு வாத்தியார்" என்று பெயர். ஆளைக் கண்டவுடன் ஊரெல்லாம் கேட்கக் கத்துகிற ஆட்காட்டிக்குப் "பெரியம்மா". அந்தப் பக்கத்தை மட்டும் சோற்றுப் பசையால் ஒட்டி வைத்திருந்தார்.

மாசி மாதம் ஒரு சனிக்கிழமை தீவுப் பக்கம் போகிற தெருவில் பாலத்தடியில் நின்றபோதுதான் அதைக் கண்டோம். பரவைக் கடல் உங்களுக்குத் தெரியும்தானே, மைல் கணக்கில் போனாலும் இடுப்புக்கு மேல் ஏறாத கடல். அதன் அந்தக் கரையோடு, வானமும் தண்ணீரும் சேருகிற இடத்தில், றோஸ் நிறத்தில் ஒரு கோடு. அண்ணா பைனாகுலரைப் பிடுங்கினார். அப்படியே நின்றார். "பூநாரை" என்றார் கடைசியில். அவர் பெயர் வைக்காத ஒரே பறவை அது. எங்கோ ஒரு கலண்டரில் பார்த்திருந்தார்.

"கிட்டப் போவம் சித்தப்பா."

"அங்கையெல்லாம் சுரி. கால் வைச்சால் முழங்கால் மட்டும் இறங்கும். இஞ்சை நிண்டு பார் போதும்" என்று சொல்லிவிட்டுச் சித்தப்பா நிழல் தேடிப் போய்விட்டார்.

அண்ணாவுக்குப் போதவில்லை. அந்தக் கிழமை முழுவதும் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. வெள்ளிக்கிழமை என்னைக் கூப்பிட்டு, தன் கொப்பியில் என் கையை வைக்கச் சொன்னார். "நாளைக்குச் சித்தப்பா கடைக்குப் போகவேணும். நாங்கள் ரெண்டு பேரும் போவம். ஆருக்கும் சொல்லப்படாது. சொன்னால் உன்னை இனி ஒரு இடமும் கூட்டிக்கொண்டு போகமாட்டன்." நான் சத்தியம் செய்தேன். இனி ஒரு இடமும் போக முடியாது என்பதைவிடப் பெரிய தண்டனை எனக்கு அந்த வயதில் தெரியாது.

அடுத்த நாள் காலை. பெரியம்மா படலையடியில் குப்பை கூட்டிக்கொண்டு நின்றார். அண்ணா சைக்கிளை உருட்டினார். பைனாகுலர் அவருடைய சேர்ட்டுக்குள் இருந்தது. சித்தப்பாவைக் கேளாமல் எடுத்தது.

"தூரமோ?"

"உதிலை, பெரியம்மா."

"வெயிலுக்கு முன்னம் வாங்கோ."

ஒழுங்கைச் சந்து முடங்குகிற இடம் வரைக்கும் போனோம். யாராவது ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் போலிருந்தது. தொப்பியை விட்டுவிட்டேன் என்று அண்ணாவுக்குப் பொய் சொல்லிவிட்டுத் திரும்பி ஓடினேன். சித்தப்பா கிணற்றடியில் குந்தியிருந்து, சைக்கிள் ரியூப்பைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய காதுக்குள் சொன்னேன். "சித்தப்பா, நாங்கள் பூநாரை பாக்கப் போறம். அண்ணாட்டைச் சொல்லிப்போடாதேங்கோ."

அவர் தலையை நிமிர்த்தவில்லை. "ம், சரி பிள்ளை" என்றார். அவ்வளவுதான் நடந்தது. அவர் எங்கே என்று கேட்கவில்லை. நானாகச் சொன்னேன்.

பாலத்தடியில் சைக்கிளைச் சாத்திவிட்டு இறங்கினோம். மேல் தண்ணீர் சூடு, அடியில் சேறு குளிர். சாதாழை என்கிற கடற்புல் காலில் சுற்றிக்கொண்டு விடாது. ஒவ்வொரு அடிக்கும் சேற்றுக்குள்ளிருந்து கூழ்முட்டை நாற்றம் கிளம்பும். நாங்கள் கிட்டப் போகப் போக அந்த றோஸ் கோடு தள்ளித் தள்ளிப் போனது. அந்தப் பறவைகள் பறக்கவில்லை. எங்களை ஒரு பொருட்டாக எண்ணாமல், மெல்ல நடந்தே விலகிப் போயின. பள்ளிக்கூடம் விட்ட நேரத்து இரைச்சல் போல அவற்றின் சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து போனோம். ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். பாலம் ஒரு குச்சி அளவுக்குத் தெரிந்தது.

கிட்டப் போன பிறகுதான் தெரிந்தது, அவை முக்கால்வாசியும் வெள்ளை. சிறகு விரிக்கிறபோது மட்டும் உள்ளே ஒரு சிவப்பு வந்து போகும். எனக்குச் சப்பென்று போய்விட்டது. அண்ணாவுக்கு அப்படி இல்லை. பைனாகுலரைக் கண்ணில் வைத்தபடி நடந்தார். தலையைக் கவிழ்த்து அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் விட்டு அவை மேய்கிற விதத்தை எனக்குச் சொல்லிக்கொண்டே போனார். அப்படி ஒரு சந்தோசத்தை நான் பிறகு அவர் முகத்தில் கண்டதில்லை. கலியாணத்தில்கூடக் காணவில்லை.

பரவைக் கடலில் தொழில் செய்கிறவர்கள் காலைத் தூக்கி வைத்து நடக்கமாட்டார்கள், அடியோடு அரைத்து அரைத்து நடப்பார்கள் என்று எனக்குப் பிறகுதான் தெரியும். சேற்றுக்குள் புதைந்து கிடக்கிற திருக்கை மீன் அந்த அசைவில் விலகிப் போய்விடும். நாங்கள் தூக்கித் தூக்கி வைத்தோம்.

அண்ணா கத்திய சத்தத்தில் அத்தனை பறவையும் ஒன்றாகக் கிளம்பின. மேலே பார்த்தால் வானம் முழுவதும் சிவப்பு. கீழே பார்த்தால் தண்ணீரும் அப்படித்தான். திருக்கை முள் குதிக்காலுக்கு மேலே, நரம்போடு ஏறியிருந்தது. பைனாகுலர் விழுந்த இடத்தில் சேறு மூடிக்கொண்டது. கொப்பி மட்டும் கொஞ்ச நேரம் மிதந்தது. நான் அதைப் பிடிக்கப் போகவில்லை, அண்ணாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மீன் வலைக்கு நட்டிருந்த தடி ஒன்று பக்கத்தில் இருந்தது. அதைக் கட்டிப்பிடித்து அவர் ஒற்றைக் காலில் நின்றார். உட்கார இடமில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. வெயில் ஏறியது. அண்ணா முதலில் அழுதார், பிறகு புலம்பினார், பிறகு ஒன்றும் பேசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வீட்டில் மத்தியானம்தான் எங்களைத் தேடியிருக்கிறார்கள். எங்கே தேடுவது? உதிலை என்றால் எங்கே? முன்வீடு, பள்ளிக்கூட வளவு, வாசிகசாலை, கோயிற் கேணி என்று அப்பாவும் பெரியம்மாவும் ஓடியிருக்கிறார்கள். கேணிக்குள் ஆள் இறங்கியும் பார்த்ததாம். சித்தப்பா கடையிலிருந்து வந்து படலைக்குள் கால் வைத்ததும் செய்தியைக் கேட்டு, வந்த சைக்கிளை அப்படியே திருப்பியிருக்கிறார்.

அவர் தண்ணீருக்குள் ஓடி வந்ததை இன்றைக்கும் காண்கிறேன். ஓடுவார், விழுவார், எழும்புவார். அண்ணாவைத் தோளில் தூக்கினார். என்னைத் தன் சேர்ட்டின் பின்பக்கத்தைப் பிடிக்கச் சொன்னார். கரை வரும்வரை "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை" என்று திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்தார். பைனாகுலர் எங்கே என்று அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. நான் அதைப் பற்றிச் சொல்லவும் இல்லை.

இங்கே சிஞ்ஞோராவின் மகனுக்கும் மலையேறுகிற விசர் உண்டு. ஞாயிற்றுக்கிழமை போகுமுன் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு காகிதத் துண்டு ஒட்டிவிட்டுப் போவார். எந்தப் பாதை, யாரோடு, எத்தனை மணிக்குத் திரும்புவேன், எல்லாம் இருக்கும். முதல் முறை அதை வாசித்தபோது எனக்குச் சரியான எரிச்சல் வந்தது. ஏன் இப்படிப் போகிற வழியை எழுதி ஒட்டி நாசம் பண்ணுகிறான் என்று. பிறகு குசினிக் கதிரையில் இருந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

அண்ணாவை ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். காயம் சீழ் பிடித்துக் காலை எடுக்க வேண்டிவருமோ என்ற நிலைக்குப் போய், கடைசியில் கால் தப்பியது. நரம்பு தப்பவில்லை. இன்றைக்கும் அவர் வலது காலை இழுத்துத்தான் நடக்கிறார்.

ஆனால் விசாரணை அதுவரை காத்திருக்கவில்லை. அன்று பின்னேரமே வீட்டு விறாந்தையில் நடந்தது. அப்பாவும் அம்மாவும் ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார்கள். சித்தப்பா படியில் நின்றார். சிப்பி வெட்டிய கால்களில் இரத்தம் காய்ந்திருந்தது. அதற்கு மருந்து போட ஒருவரும் நினைக்கவில்லை.

பெரியம்மா என்னைப் பார்த்துத்தான் கேட்டார். "நாங்கள் ஊரெல்லாம் தேடுறம். உவர் நேரை அங்கை போறார். உவருக்கு எப்பிடித் தெரிஞ்சது?"

நான் சித்தப்பாவின் கால்களைப் பார்த்தேன்.

"உவர்தான் அனுப்பியிருக்கிறார். பைனாகுலரையும் ஒத்தாப்பிலை காணேல்லை, அதையும் குடுத்தெல்லோ அனுப்பியிருக்கிறார். சொல்லடி."

என் பக்கம் இரண்டு வழி இருந்தது. நான்தான் ஓடிப்போய்ச் சொன்னேன் என்றால் அண்ணாவுக்குச் செய்த சத்தியம் உடைந்துவிடும். அவர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், சத்தியத்தை உடைத்தால் செத்துப்போவார் என்று நினைத்தேன். பேசாமல் நின்றால் சித்தப்பாதான் அனுப்பினார் என்று ஆகிவிடும். பத்து வயது மூளைக்கு நடுவில் ஒரு சந்து தெரிந்தது. பெரியவர் கேட்டுச் சொன்னால் சத்தியம் உடையாது என்று நினைத்து அதற்குள் புகுந்தேன்.

"அவர் அனுப்பேல்லை. எங்கை போறியள் எண்டு கேட்டவர். அதுதான் சொன்னனான்."

சித்தப்பாவைக் காப்பாற்றிவிட்டேன் என்று நான் நினைத்தேன். கடவுளே, என்னை என்ன செய்வது? அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினார். பெரியம்மாவின் குரல் இறங்கிவிட்டது. கத்துகிற பெரியம்மாவுக்கு எனக்குப் பயமில்லை, அந்தக் குரலுக்குத்தான் பயந்தேன்.

"பிள்ளையள் வெளிக்கிடேக்கை எங்கையெண்டு கேட்டனீரோ?"

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். ஒரு சொல்லில் என்னைப் பொய்க்காரி ஆக்கியிருக்கலாம்.

"ஓமக்கா. கேட்டனான்தான்."

"படிச்ச ஆள். உமக்கு உதுகூடத் தெரியாதே? கேட்டுக் கெடுத்துப்போட்டு இப்ப தூக்கிக்கொண்டு வந்து என்ன பிரியோசனம்?"

அந்த ஞாயிற்றுக்கிழமையே தகரப் பெட்டி சைக்கிள் கரியரில் ஏறியது. "பெடியன்ரை கால் சுகமாய் மாறுமட்டும்தான்" என்று அம்மா சொன்னார். கால் மாறவேயில்லை. அப்பா பெரிய தெரு வரைக்கும் கூட நடந்து போனார். அப்பா அந்தக் கதையை நம்பவில்லை என்றுதான் இப்போது நினைக்கிறேன். ஆனால் வாய் திறக்க அது அவருடைய வீடு இல்லை. இப்போது யோசித்தால் பெரியம்மாமேலும் கோபம் வரவில்லை. "உதிலை" என்ற பதிலைக் கேட்டுவிட்டுப் பிள்ளைகளைப் படலை தாண்ட விட்டவர் அவர். அந்தப் பாரத்தை எங்காவது இறக்கி வைக்க வேண்டியிருந்தது, நான் இடம் காட்டிக் கொடுத்தேன்.

அதன்பிறகு சித்தப்பா எங்கள் வீட்டில் ஒரு இரவு தங்கியதில்லை. அண்ணா நொண்டி நடந்து போகிறபோதெல்லாம் யாராவது ஒருவர், "வெளிக்கிடேக்கை சித்தப்பன்காரன் கேட்டவனாம்" என்று தொடங்குவார்கள். அதைக் கேட்டுக் கேட்டே அண்ணா வளர்ந்தார். பறவை பார்ப்பதை விட்டார், சைக்கிளை விட்டார். சித்தப்பாவின் கலியாணத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து அப்பா மட்டும் போனார். என் கலியாணத்துக்குச் சித்தப்பா வந்தார். நான் காரில் ஏறுகிற நேரம் அவர் எதிரில் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும்படி பெரியம்மா ஆள் வைத்திருந்தார். அவர் தானாகவே பந்தலின் பின்பக்கம் போய், வாழைமரத்தோடு நின்றார். கார் யன்னலால் கண்டேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. வாய் இருந்தது. திறக்கவில்லை.

புதன்கிழமை மத்தியானம் சிஞ்ஞோரா பாஸ்தா சாப்பிட்டு உறங்கிய பிறகு குசினிப் பல்கனியில் நின்று போன் எடுத்தேன். சித்தப்பாவின் மகள்தான் எடுத்தாள். "பொறுங்கோ அக்கா, குடுக்கிறன்" என்றாள்.

"ஆர் பிள்ளை?"

"நான்தான் சித்தப்பா, இத்தாலியிலையிருந்து."

"அங்கை இப்ப குளிரே?"

"குளிர் விட்டிட்டுது. சித்தப்பா, நான் ஒண்டு சொல்லவேணும். அண்டைக்கு நீங்கள் எங்கையெண்டு கேக்கேல்லை. நான்தான் ஓடிவந்து சொன்னனான். பேந்து பொய் சொன்னனான்."

எத்தனை வருடம் மனதுக்குள் சொல்லிப் பார்த்தது, சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி வார்ட்டில் யாரோ கோப்பை கழுவுகிற சத்தம் கேட்டது.

"அது எனக்குத் தெரியாதே பிள்ளை? கேக்காமல் இருந்தவன் நான்தானே."

"பேந்து ஏன் ஓம் எண்டனீங்கள்? என்னைக் காட்டிக் குடுக்கக்கூடாதெண்டோ?"

"சீச்சீ. அப்பிடி நல்ல மனிசன் இல்லை நான்." அவர் மூச்சு வாங்கினார். "ரெண்டு பிள்ளையள் தனியப் படலையைத் தாண்டுதுகள். நீ வந்து காதுக்கை சொல்லுறாய். எதுவரைக்கும் போறியள், எப்ப வருவியளெண்டு ஒரு சொல்லுக் கேட்டனானோ? வெளிக்கிட்ட ஆக்களை மறிச்சுக் கேக்கக்கூடாதெண்டு ரியூப்பைப் பாத்துக்கொண்டு இருந்தனான். பாலத்திலை நிண்டு பாத்துப்போட்டு வருவியளெண்டு நினைச்சன். அவனைத் தோளிலை தூக்கிக்கொண்டு வரேக்கை, கேட்டிருந்தால், கேட்டிருந்தால் எண்டுதான் எனக்கு மண்டைக்கை ஓடினது."

"சித்தப்பா."

"நீ, கேட்டவர் எண்டு சொன்னாய். எல்லாரும் ஏசிச்சினம். கேட்டதுக்கு ஏச்சு வாங்கிறது எனக்குச் சுகமாய் இருந்துது பிள்ளை. கேக்காததுக்கு ஒருத்தரும் ஏசேல்லை."

கீழே தெருவில் ஒரு பஸ் பின்பக்கம் எடுக்க முடியாமல் ஹோர்ன் அடித்துக்கொண்டு நின்றது.

"உன்ரை கொண்ணனுக்குச் சொல்லிப்போடாதை" என்றார். "கேட்டவனாயே இருந்திட்டுப் போறன்."

"சொல்லமாட்டன்" என்று வாக்குக் கொடுத்தேன்.

வியாழன் முடிந்து இன்று ஞாயிறு. கண் முழித்துவிட்டாராம், கஞ்சி குடித்தாராம், இன்னும் அதிகம் கதைக்கவில்லை என்கிறாள் மகள். நான் விடியற்காலையிலிருந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அவருக்குக் கொடுத்த வாக்கை உடைக்கிறேன் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். நீங்கள் எல்லோரும் இதை வாசிப்பீர்கள். உங்களோடு அண்ணாவும் வாசிப்பார். நான் எழுதுகிற ஒன்றையும் அவர் விடுவதில்லை, ஒரு வரி பதில் போடுவதுமில்லை.

அண்ணா, அவர் கேட்கவில்லை. நான்தான் சொன்னேன். உங்கள் காலுக்குக் காரணம் அவர் கேட்ட கேள்வி இல்லை, அப்படி ஒரு கேள்வியே இருக்கவில்லை. நீங்கள் உயிரோடு கரைக்கு வந்தது அவருடைய தோளில். அடுத்த மாதம் ஊருக்குப் போகிறீர்கள். அவர் எங்கே இருக்கிறார் என்று நீங்கள் என்னிடம் கேட்கமாட்டீர்கள். நானே சொல்கிறேன். தபாற்கந்தோரைத் தாண்டி முதலாவது ஒழுங்கை. உள்ளே போனால் இடப்பக்கம் மூன்றாவது வீடு. பச்சைப் படலை. உள்பக்கம் கொழுவியிருக்கும், கையை விட்டுத் திறக்கலாம். வாசலில் இரண்டு படி உண்டு, பிடிக்கக் கம்பி இருக்கிறது.